கோரப்பல் பாறையின் முதல் விளக்கு

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பென்கார்த் என்ற மீன்பிடித் துறைமுகம். அதற்கு எதிரே, கடல் பொங்கினால் மறைந்தும் வற்றினால் தலைகாட்டியும் கிடக்கும் ஒரு பாறை. ஊரார் அதற்குக் கோரப்பல் என்று பேர் வைத்திருந்தார்கள். கப்பலோ படகோ அதில் மோதாத ஆண்டு கிடையாது.

அந்தத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் சர் ஆம்ப்ரோஸ் கெல்வே. பரம்பரைப் பிரபு. மாளிகையில் இருந்த நாட்களைவிட வடதுருவப் பனியில் அலைந்த நாட்கள் அவருக்கு அதிகம். தேர்தலின்போது அவர் பென்கார்த் மக்களிடம், “அந்தப் பாறையில் கலங்கரை விளக்கம் கட்ட மசோதா வரும். ஓட்டெடுப்பு அன்று நான் சபையில் இருப்பேன்” என்று வாக்குக் கொடுத்தார்.

தேர்தல் முடிந்ததும் கிரீன்லாந்தின் வடகரைக்குப் போனார். அங்கே மாலுமிகள் சிலர் நோயில் விழுந்தார்கள். தூக்கி வர முடியாத நிலை. கடலோ உறையத் தொடங்கிவிட்டது. கெல்வேயின் நண்பரான மருத்துவர் சைலஸ் வெட்மோர், “நான் இவர்களோடு இருக்கிறேன். நீர் கப்பலைக் காப்பாற்றும்” என்றார்.

“பனி உடைந்ததும் நானே வருவேன்” என்று கெல்வே அவருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு திரும்பினார்.

இரண்டு வாக்கையும் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் குளிர்காலத்தில் வரவேண்டிய மசோதா கோடைக்குத் தள்ளிப்போயிற்று. பனி உடைவதும் அப்போதுதான். அந்தப் பனிக்கால்வாய்களில் வழி அறிந்தவர் கெல்வே ஒருவரே.

அவர் பென்கார்த்துக்குப் போய் ஊரைக் கூட்டி உள்ளதைச் சொன்னார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஓர் ஓட்டுக் குறைந்தாலும் மசோதா தோற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போது தம்சின் என்ற பெண் எழுந்தாள். அவள் கணவனைப் பலிகொண்டது அந்தப் பாறைதான். இரண்டு மகன்கள் இன்னும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“போய்க் கூட்டி வாருங்கள் துரை. காத்திருப்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். விளக்கு தள்ளிப்போனால் போகட்டும், மனுஷர் உயிர் போனால் திரும்பாது.”

ஊரும் அதையே ஏற்றுக்கொண்டது.

கெல்வே பாரத்தோடு லண்டன் திரும்பினார். சபையின் தாழ்வாரத்தில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ருபர்ட் ஹாலம் அவரை நிறுத்தினார். ஹாலம் கப்பல் முதலாளி. அந்த விளக்குக்கான வரி தம்மைப் போன்றவர்கள் தலையில்தான் விழும் என்று மசோதாவை முதலிலிருந்தே எதிர்த்தவர்.

“நீர் போகாவிட்டால் அந்த மருத்துவர் சாவார் என்கிறார்களே, நிஜமா?”

“நிஜம்.”

“அப்படியானால் போம். நீர் இல்லாத அன்று நானும் ஓட்டுப் போடமாட்டேன். இருவர் ஓட்டும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். விளக்கு வேண்டாம் என்பதில் மட்டும் மாற்றமில்லை.”

கைகுலுக்கினார்கள். சாட்சி கிடையாது. கெல்வே கப்பல் ஏறினார்.

ஓட்டெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு பத்திரிகைகளில் ஒரு செய்தி: கெல்வேயின் கப்பல் பனியில் நொறுங்கியது, எவரும் பிழைக்கவில்லை. ஹாலமின் கட்சித் தலைவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“செத்தவருக்கு ஓட்டு ஏது? அவரோடு உம் ஒப்பந்தமும் போயிற்று. உள்ளே வாரும்.”

ஹாலமும் அந்தச் செய்தியை நம்பித்தான் இருந்தார். ஆனாலும், “செத்தது கெல்வே. வாக்குக் கொடுத்தது நான். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே” என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்தார். மசோதா ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அடுத்த தேர்தலில் கட்சி அவரை நிறுத்தவில்லை.

செய்தி பொய். இலையுதிர் காலத்தில் அடிபட்ட கப்பலோடு கெல்வே வந்து சேர்ந்தார். கூடவே கால்விரல் இரண்டை இழந்த வெட்மோரும், பிழைத்த மாலுமிகளும். கரையில் கால் வைத்ததும் மருத்துவர் கேட்டது சூடான ரொட்டியும் வெண்ணெயும்.

கோபுரம் எழுந்தது. முதல் விளக்கை ஏற்றும் பெருமை யாருக்கு என்று ஊரில் பேச்சு வந்தது. விளக்கைக் கேட்டு வாங்கி, நண்பரையும் மீட்டுவந்த கெல்வேக்கா? தன் பிள்ளைகள் கடலில் இருந்தும், ஊருக்குக் கிடைத்த வாக்கை விட்டுக்கொடுத்த தம்சினுக்கா? எதிர்த்துக்கொண்டே வாக்கைக் காத்த ஹாலமுக்கா?

வாசகரே, நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் யார் கையில் தீக்குச்சியைக் கொடுத்திருப்பீர்கள்?

விடை: ஹாலமின் கையில். கெல்வே தன் நண்பருக்காகப் போனார். தம்சின் தன்னைப் போலக் காத்துக் கிடந்தவர்களுக்காக விட்டுக்கொடுத்தாள். ஹாலம் மட்டுமே தமக்குப் பிடிக்காத ஒன்று நடக்கும் என்று தெரிந்தும், இறந்துவிட்டார் என்று நம்பிய ஒருவருக்குச் சொன்ன சொல்லைக் காத்தார். மீறுவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னவள் தம்சின்தான்: “நாங்கள் மனம் விரும்பியதைச் செய்தோம். அவர் விரும்பாததைச் செய்தார். அவரே ஏற்றட்டும்.” கெல்வே முதல் ஆளாகக் கைதட்டினார். அன்று மாலை ஹாலம் மூச்சு வாங்க மேலே ஏறி, திரியைப் பற்றவைத்துவிட்டு, “இப்போதும் சொல்கிறேன், இது வேண்டாத வேலை” என்றார். கீழே படகுகளில் எழுந்த ஆரவாரத்தில் அது ஊருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற கெல்வேக்குக் கேட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்சம் பொறுத்து ஹாலமும் சிரித்தார்.