நெடுவாலன் பள்ளிக்கூடம் தேடிய கதை

சேற்றுக்குளத்தில் ஒரு நீர்நாய்க் குடும்பம் வாழ்ந்தது. அப்பாவின் பெயர் நெடுவாலன். அம்மாவின் பெயர் கருமூக்கி. குட்டிகள் இரண்டு. மூத்தவள் சுழி, இளையவன் நுரை.

அந்த ஆண்டு கோடை மழை ஏமாற்றிவிட்டது. ஆனி மாதம் பிறந்தபோது குளத்தில் நீர்நாயின் வயிறு நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. மீன்கள் தீர்ந்துபோயின. குட்டிகள் இரண்டும் பிறந்ததிலிருந்து சேற்றைத்தான் பார்த்திருந்தன. நீர்நாயாகப் பிறந்துவிட்டால் நீச்சல் தானாக வந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். வராது. யாராவது பிடித்துத் தண்ணீரில் தள்ளிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் தண்ணீர் வேண்டும்.

"ஐப்பசியில ஆத்துல வெள்ளம் வரும். அதுக்குள்ள பிள்ளைங்க நீந்தக் கத்துக்கணும். இல்லேன்னா வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிடும்," என்றாள் கருமூக்கி. "நல்ல இடமா, நல்ல பள்ளிக்கூடமா ஒண்ணு பார்த்துட்டு வாங்க."

"அதுக்கென்ன, பார்த்துட்டாப் போச்சு," என்று நெடுவாலன் கிளம்பினான்.

ஆற்றங்கரையில் இருந்தவை இரண்டே ஊர்கள்தான். மேலே மேட்டுப்பாறை, கீழே நாணல்துறை. ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம். நேரில் போய்ப் பார்த்திருந்தால் அரை நாளில் வேலை முடிந்திருக்கும். ஆனால் நெடுவாலன் அப்படிச் செய்யவில்லை. குடும்பத்தோடு இடம் மாறுவது சின்ன விஷயமா, நாலு பேரைக் கேட்டுச் செய்வோம் என்று நினைத்தான். அங்கேதான் வந்தது வினை.

முதலில் கொக்கைக் கேட்டான்.

"நாணல்துறையா?" கொக்கு முகத்தைச் சுளித்தது. "அங்க பிள்ளைங்க போடற ஆட்டத்துல தண்ணி எப்பவும் கலங்கியே கிடக்கும். நிம்மதியா ஒத்தைக்கால்ல நிக்க முடியாது. பேசாம மேட்டுப்பாறைக்குப் போங்க."

அடுத்து எருமையைக் கேட்டான்.

"நாணல்துறைக்கே போங்க. அங்க இருக்கிற சேறு மாதிரி எங்கேயும் கிடையாது," என்றது எருமை.

"பள்ளிக்கூடம் எப்படி?"

"பள்ளிக்கூடமா? அதை நான் கவனிக்கல. சேறு பிரமாதம்."

குரங்கு சொன்னது: "மேட்டுப்பாறையில வரிசையா மாமரம். பிள்ளைங்க மேல ஒரு சொட்டுத் தண்ணி படாது. சளி, இருமல் ஒண்ணும் வராது."

ஆமை ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னது: "மேட்டுப்பாறை நல்ல இடம்தான். ஆனா முன்னே மாதிரி இல்ல. நாணல்துறை முன்னே மோசம், இப்பப் பரவாயில்ல. இல்ல இல்ல, முன்னே பரவாயில்ல, இப்பத்தான் மோசமோ? எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுக்கோங்க."

நெடுவாலனுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அவன் ஒழுங்குமுறையான ஆள். ஒரு வழி கண்டுபிடித்தான். குளக்கரையில் இரண்டு இடத்தில் கூழாங்கற்களைக் குவித்தான். இடப்பக்கம் மேட்டுப்பாறை. வலப்பக்கம் நாணல்துறை. யாராவது ஓர் ஊரைப் புகழ்ந்தால் அந்தக் குவியலில் ஒரு கல்லைச் சேர்ப்பான். குறை சொன்னால் ஒரு கல்லை எடுத்துவிடுவான்.

நல்ல யோசனைதான். ஆனால் நீர்நாய்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் கூழாங்கல் கிடைத்தால் மல்லாந்து படுத்துக்கொண்டு அதைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும். யோசனை அதிகமானால் விளையாட்டும் அதிகமாகும். நெடுவாலனுக்கோ அப்போது யோசனைக்குப் பஞ்சமில்லை. இடப்பக்கக் கல்லை எடுத்துத் தூக்கிப்போட்டபடி யோசிப்பான். வலப்பக்கத்தில் வைத்துவிடுவான். அவன் வெளியே போனால் சுழியும் நுரையும் வந்து ஆளுக்கு நாலு கல்லை எடுத்து ஆடிவிட்டுத் தோன்றிய இடத்தில் போட்டுவிட்டுப் போகும்.

"காலையில நாணல்துறை ஒன்பது கல்லு. இப்ப நாலுதான் இருக்கு. யாருமே எதுவும் சொல்லலையே?" என்று புலம்புவான் நெடுவாலன்.

"என்னங்க, ஆனி முடிஞ்சு ஆடியே வந்துடுச்சு," என்பாள் கருமூக்கி.

"இரு, இன்னும் முயலைக் கேட்கல."

முயலின் பிள்ளைகள் ஆறு பேரும் மேட்டுப்பாறையில்தான் படித்தார்கள். "தங்கமான பள்ளிக்கூடம்!" என்றது முயல். அன்று சாயங்காலம் இடப்பக்கக் குவியலில் பதினேழு கற்கள் இருந்தன. அதில் எத்தனை புகழ்ச்சி, எத்தனை விளையாட்டு என்று யாருக்கும் தெரியாது. நெடுவாலனுக்கும் தெரியாது. ஆனாலும் பதினேழு பதினேழுதான் என்று முடிவு செய்துவிட்டான்.

குடும்பம் மேட்டுப்பாறைக்குக் கிளம்பியது. போகும் வழியில் நாணல்துறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேட்டுப்பாறை உண்மையிலேயே அழகாக இருந்தது. ஆறு கீழே வெகுதூரத்தில் ஓடியது. மாமரங்கள் நிழல் தந்தன. பாறைகள் துடைத்துவிட்டதுபோல் பளபளத்தன.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீர்நாய்கள் தாங்கள் வாழும் இடத்தில் பாறைமேல் எச்சம் இடும். மூக்கைப் பொத்தாதீர்கள், அதுதான் அவர்களுக்குச் செய்தித்தாள். புதிதாக வரும் நீர்நாய் அதை மோந்து பார்த்தே அங்கே யார் இருக்கிறார்கள், எத்தனை குட்டிகள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிடும். மேட்டுப்பாறையின் பாறைகளில் அப்படி எதுவுமே இல்லை.

கருமூக்கி ஒவ்வொரு பாறையாக மோந்து பார்த்தாள். "என்னங்க, ஒரு வாசனையும் இல்லையே."

"அதான் சுத்தம்!" என்றான் நெடுவாலன். அவனுடைய மூக்கும் என்னவோ சொல்ல வந்தது. ஆனால் காதில் கொக்கும் குரங்கும் முயலும் பேசிக்கொண்டே இருந்ததால் மூக்கு சொன்னது அவனுக்கு எட்டவில்லை.

பள்ளியின் தலைமையாசிரியர் ஒரு மயில். தோகையை ஒருமுறை விரித்துக் காட்டிவிட்டு அவர்களை உட்காரச் சொன்னார்.

"நீச்சல் சொல்லித் தருவீங்களாங்க?" என்று கேட்டாள் கருமூக்கி.

"முதல் வகுப்பிலிருந்தே உண்டு," என்றார் மயில். "நீச்சலுக்குப் பதினோரு விதிகள். எங்கள் பிள்ளைகள் தலைகீழாகச் சொல்வார்கள்."

"தண்ணி எங்கங்க?"

"தண்ணீர் மூன்றாம் ஆண்டில்," என்றார் மயில். "அதுவரை வீட்டில் நீங்களாக எதுவும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்."

கருமூக்கி கணவனைப் பார்த்தாள். நெடுவாலன் மயிலின் தோகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் ஓடியது. மீன் பிடிக்க நெடுவாலனும் கருமூக்கியும் தினமும் செங்குத்தான பாதையில் இறங்கி ஆற்றுக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது கால் வலிக்கும். பாதி மீன் வெயிலில் வாடியிருக்கும். ஆனால் சுழி நன்றாகப் படித்தாள். பதினோரு விதிகளையும் ஒரே மூச்சில் சொன்னாள். அதற்காக மயில் தன் தோகையிலிருந்து ஓர் இறகைப் பரிசாகக் கொடுத்தார். அன்று நெடுவாலனுக்கு வாயெல்லாம் பல்.

"பார்த்தியா? நான் சும்மா தேடல," என்றான் மனைவியிடம்.

கருமூக்கி மகளின் வாலைத் தடவிப் பார்த்தாள். அது காய்ந்து சொரசொரவென்று இருந்தது. நீர்நாய்க் குட்டியின் வால் அப்படி இருந்து அவள் பார்த்ததே இல்லை. ஆனால் ஊரே பாராட்டும்போது ஒரு வாலைக் காட்டி என்ன சொல்வது என்று அவளுக்கும் குழப்பமாகத்தான் இருந்தது.

புரட்டாசியில் முதல் மழை பெய்தது. பள்ளியிலிருந்து வரும் வழியில் எப்போதும் வறண்டு கிடக்கும் ஓடையில் தண்ணீர் ஓடியது. ஆழம் எருமையின் முழங்கால் அளவுதான். கருமூக்கி பிள்ளைகளை அழைத்துவர எதிரே வந்துகொண்டிருந்தாள். அவள் கண்ணெதிரே சுழியின் கால் வழுக்கியது.

சுழி பதறவில்லை. படித்த பிள்ளையல்லவா? தண்ணீரில் கிடந்தபடி கணீரென்று சொன்னாள்: "முதல் விதி, தண்ணீரைக் கண்டு அஞ்சாதே! இரண்டாம் விதி, கால்களை அகல விரி! மூன்றாம் விதி, வாலை இடமும் வலமும் திருப்பு! நான்காம் விதி, வாயை மூடிக்கொள்..."

நான்காம் விதியைச் சொல்ல வாயைத் திறந்தபோது வாய் நிறையத் தண்ணீர் போய்விட்டது. அவள் காலும் அசையவில்லை, வாலும் அசையவில்லை. தண்ணீர் அவளை உருட்டிக்கொண்டு ஆற்றை நோக்கிப் போனது. கரையில் நின்ற நுரை, அக்கா மறந்துவிட்டாளோ என்று நினைத்து ஐந்தாம் விதியை எடுத்துக்கொடுத்தான்.

கருமூக்கி ஒரே பாய்ச்சலில் குதித்தாள். மகளின் பிடரியைக் கவ்விக் கரைக்கு இழுத்து வந்தாள். சுழி இருமினாள். அவள் கொண்டுவந்த மயில் இறகு தண்ணீரோடு போய்விட்டது. கருமூக்கி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

சேதி கேட்டு ஓடிவந்த நெடுவாலன் மகளைக் கட்டிக்கொண்டான். பிறகு கரையோரம் இருந்த கூழாங்கற்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"என்ன பண்றீங்க?"

"மறுபடியும் நாலு பேரைக் கேட்டுட்டு வரேன். இந்தத் தடவை கல்லைத் தொட மாட்டேன்."

கருமூக்கி அத்தனை கற்களையும் காலால் தள்ளி ஓடையில் விட்டாள். "கேட்டது போதும். கொக்குக்கு ஒத்தைக்கால்ல நிக்கணும். குரங்குக்கு மரம் வேணும். முயலுக்கு அந்தப் பள்ளிக்கூடம் நல்லதுதான், முயல் என்னிக்காவது நீந்தணுமா? நமக்கு என்ன வேணும்னு நாம யோசிச்சோமா? நாம நீர்நாய். நமக்கு மூக்கு இருக்கு. வாங்க."

அவர்கள் நாணல்துறைக்கு இறங்கினார்கள். கொக்கு சொன்னது உண்மை, தண்ணீர் கலங்கிக் கிடந்தது. எருமை சொன்னதும் உண்மை, சேறு கால் புதையும் அளவுக்கு இருந்தது. ஒரே கூச்சல். நெடுவாலன் தயங்கி நின்றான்.

கருமூக்கி துறைப்பாறையின் மேல் ஏறி மோந்து பார்த்தாள். அவள் மூக்கு விடைத்தது. "இங்க இருக்கிறது நம்மாளுங்கதான். ரெண்டு குடும்பம். நேத்து விரால் சாப்பிட்டிருக்காங்க." அடுத்த பாறைக்குப் போனாள். அங்கே வெகுநேரம் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "இங்க வந்து பாருங்க. இது ஒரு குட்டியோட எச்சம். இதுல நண்டு ஓடு இருக்கு. பொடி நண்டு. எந்த அம்மாவும் பிள்ளைக்கு இவ்வளவு சின்ன நண்டைப் பிடிச்சுத் தரமாட்டா. இதைக் குட்டியேதான் பிடிச்சிருக்கு."

நெடுவாலன் குனிந்து மோந்து பார்த்தான். அப்போதுதான் அவன் மூக்கு சொன்னது முதல்முறையாக அவனுக்கு எட்டியது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டது. ஆசிரியை ஒரு நீர்க்காகம். தோகையும் இல்லை, வரவேற்பும் இல்லை. கடைசிக் குட்டி கரையேறும் வரை தண்ணீரிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. குட்டிகள் சொட்டச் சொட்ட நனைந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. எல்லா வால்களும் ஈரமாக இருந்தன. ஒரு குட்டியின் வாயில் மீன் துடித்தது.

"இங்க எத்தனை விதிங்க?" என்று நெடுவாலன் நீர்க்காகத்தைக் கேட்டான்.

"விதியா? நாளைக்குக் காலையில பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. முதல்ல கொஞ்சம் அழும்," என்றது நீர்க்காகம்.

சுழியும் நுரையும் அழத்தான் செய்தார்கள். கொஞ்சமல்ல, ஒரு வாரம் அழுதார்கள். பிறகு நீந்தினார்கள். ஐப்பசிக் கடைசியில் வெள்ளம் வந்தது. துறை மூழ்கியது, நாணல் சாய்ந்தது. அம்மாவும் அப்பாவும் முன்னே போக, குட்டிகள் இரண்டும் வாலைத் திருப்பித் திருப்பி நீந்தி எதிர்க்கரை ஏறின. கரையேறியதும் சுழி ஒரு நண்டைத் துப்பினாள். வரும் வழியில் பிடித்ததாம்.

வெள்ளம் வடிந்த பிறகு, குடும்பத்தோடு இடம் தேடி ஒரு மரநாய் அந்தப் பக்கம் வந்தது. "அண்ணே, நாணல்துறைப் பள்ளிக்கூடம் எப்படி?" என்று நெடுவாலனைக் கேட்டது.

இதைவிட நல்ல பள்ளிக்கூடம் உலகத்தில் இல்லை என்று சொல்ல நெடுவாலன் வாயைத் திறந்தான். மரநாய்க் குட்டிகளின் கூரிய நகங்கள் கண்ணில் பட்டன. வாயை மூடிக்கொண்டான்.

"எங்க பிள்ளைங்களுக்கு நல்லா இருக்கு. உங்க பிள்ளைங்க மரம் ஏறணுமே, தம்பி. இங்க மரமே கிடையாது," என்றான்.

"அப்ப இது நல்ல பள்ளிக்கூடமா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்கண்ணே, குழப்பாதீங்க."

"எங்கே போனாலும் சாயங்காலம் வரைக்கும் இருந்து, பள்ளிக்கூடம் விடும்போது பிள்ளைங்களைப் பாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்," என்றான் நெடுவாலன். கையில் இருந்த கூழாங்கல்லைத் தண்ணீரில் போட்டுவிட்டு, பிள்ளைகளை அழைத்துவரக் கிளம்பினான்.

நாலு பேர் சொல்லும் நல்ல ஊர் அவரவருக்கு நல்ல ஊர். உங்கள் பிள்ளைக்கு எது நல்லது என்பதை நீங்கள்தான் நேரில் போய்ப் பார்த்து அறிய வேண்டும்.