பிளாஸ்திரி சுற்றிய லென்ஸ்

டெல்பினிடம் படம் பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போனபோது ததேயுஸுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. டெல்பின் அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். அந்தக் கடற்கரை ஊர்களில் எங்கே பந்தாட்டம் நடந்தாலும் படம் பிடிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளிடம் இருந்ததெல்லாம் பழைய லென்ஸ்கள்; அவருக்குக் கொடுத்ததும் அதில் ஒன்றுதான். தானாகத் தெளியாது. வளையத்தைக் கையால் திருக்கித்தான் தெளிவு கொண்டுவர வேண்டும். அப்படி எடுத்தும் அவள் படத்தில் ஆட்டக்காரர்களின் நெற்றி வேர்வை துளித்துளியாகத் தெரியும்.

ததேயுஸ் அவளை “ஆசானே” என்றுதான் கூப்பிட்டார்.

“ததேயுஸ் அண்ணனுக்கு ஆசான் சுடிதார் போட்டிருக்கு வே” என்று மைதானத்தில் இளவட்டங்கள் கேலி பேசுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவரும் ஒரு காலத்தில் ஆடியவர்தான். அவருடைய இடது காலுக்குப் பயந்து கோல் கீப்பர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்களாம். வினையே அங்கேதான் இருந்தது. பந்து போகிற இடமெல்லாம் அவர் கண்ணும் போகும், கண்ணோடு கையும் வளையத்தைத் திருக்கிக்கொண்டே போகும். தெளிவு வந்து சேர்வதற்குள் பந்து வேறெங்கோ போயிருக்கும். எடுத்த படமெல்லாம் அடுப்புப் புகைக்குள் எடுத்தது மாதிரி இருக்கும்.

மாதா திருவிழாப் பந்தயத்தின் கடைசி ஆட்டம். பெண்கள் ஆட்டம். ததேயுஸின் மகள் ஆன்சிலின் அதில் முன்னால் நின்று கோல் அடிக்கிறவள்.

ஆட்டம் தொடங்குமுன் ததேயுஸ் ஓடி வந்தார்.

“ஆசானே, இன்னைக்கு எப்படியாவது எனக்கு ஒரு படம் வேணும். ஆன்சி பந்தடிக்கிற படம். தெளிவா. இனி அவ ஆடமாட்டா.”

“யாரு சொன்னா?”

“மாப்பிள்ளை வீட்டுலதான். அரைக்கால் சட்டை போட்டு ஓடினதெல்லாம் போதும்னுட்டாங்க. நாளைக்குக் கோயில்ல முதல் ஓலை வாசிக்காங்க.”

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டென்றால் சொல்லுங்கள் என்று பூசையில் சாமியார் வாசிப்பதுதான் ஓலை. மூன்று ஞாயிறு வாசித்துவிட்டால் அப்புறம் பேச்சில்லை.

“ஆன்சி என்ன சொன்னா?” என்று டெல்பின் கேட்டாள்.

“அவகிட்ட கேக்காமலா? இந்த லென்ஸைத் துடைச்சிட்டு இருக்கும்போதே கேட்டுட்டேன். ‘உங்க இஷ்டம்ப்பா’ன்னுட்டா. தங்கமான பிள்ளை.”

டெல்பின் கையை நீட்டிக் கேமராவை வாங்கினாள். அதற்குள் கிடந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். வலை. கம்பம். பந்து. எல்லாம் புகை. சில படங்களில் மட்டும் நின்று நின்று பார்த்தாள். அவற்றின் ஓரத்தில் பெரிதாக ஒரு மஞ்சள் கறை.

“இது என்னது அண்ணே?”

“அதுவா? எவனோ குறுக்கே வந்திருக்கான். ஒவ்வொரு கோலுக்கும் எவனாவது வந்து மறைச்சிடுதான் ஆசானே. சனியன் பிடிச்சவனுக!”

டெல்பின் கொஞ்சம் தள்ளிப் போய் அவரைப் பார்த்து நின்றாள். கை நீட்டினால் எட்டாத தூரம், மெதுவாகக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

“என் கம்மல் தெளிவாத் தெரியுற வரைக்கும் திருக்குங்க.”

திருக்கினார். “தெரியுது.”

அவள் வந்து லென்ஸைப் பிடித்தாள். ஆட்டக்காரர்கள் கணுக்காலுக்குச் சுற்றும் வெள்ளைப் பிளாஸ்திரியை எடுத்து, வளையம் அசையாதபடி வரிந்து வரிந்து சுற்றினாள்.

ததேயுஸ் பதறிப்போனார்.

“ஐயையோ! என்ன செய்யுதீங்க?”

“இதைப் பிரிக்கக் கூடாது.”

“கோல் போஸ்ட் அங்க இருக்கு! பிள்ளை ஓடுறது அங்க! நீங்க தெளிவை என் மூக்குக்கு முன்னால கட்டிப் போட்டுட்டீங்களே!”

“ஆமா.”

“எனக்கு இருக்கிறதே இந்த ஒரு ஆட்டந்தான் ஆசானே!”

“அதனாலதான் கட்டினேன்.”

சொல்லிவிட்டு மைதானத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

விசில் ஊதியாயிற்று. ததேயுஸ் நகத்தால் பிளாஸ்திரியின் முனையைக் கிளப்பிப் பார்த்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து டெல்பின் பார்த்தாள். விட்டுவிட்டார். கேமராவைக் கண்ணில் வைத்தால் மைதானம் முழுக்க மூடுபனி. இருபது வருஷம் ஆடிய மைதானம், ஒரு புல்கூடத் தெரியவில்லை. அழுகை வந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்க மனசு வரவில்லை.

ரொம்ப நேரம் யாரும் கோல் போடவில்லை. ஆட்டம் முடியப் போகிற சமயம், ‘டம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. இடது காலால் அடித்த சத்தம்; ஆன்சிக்கும் அப்பாவின் கால்தான். அது அவருக்குத் தெரியாதா? அடுத்த நொடி ஊரே எழுந்து கத்தியது. கொட்டு முழங்கியது.

போச்சு. மகள் போட்ட கடைசி கோலும் போச்சு.

லென்ஸுக்குள் மூடுபனி அசைந்தது. அதிலிருந்து ஒரு மஞ்சள் கறை பிரிந்தது. பெரிதாகிக்கொண்டே நேராக அவரைப் பார்த்து வந்தது.

இன்னைக்கும் வந்துட்டானா குறுக்கே! “விலகுடே!” என்று கத்த வாயெடுத்தார்.

கறைக்குக் கண் வந்தது. மூக்கு வந்தது. மேலுதட்டில் வேர்வை வந்தது.

ஆன்சி.

அவர் விரல் தானாக அமுக்கிவிட்டது. அவள் அப்படியே நின்றாள். அப்பா முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகக் கேமரா இருந்தது. அதையே கொஞ்சம் பார்த்தாள். திரும்பி ஓடிவிட்டாள். அவர் கேமராவைக் கீழே இறக்கியபோது அவளுடைய மஞ்சள் சட்டையின் முதுகுதான் தெரிந்தது.

“ஆன்சி! மக்ளே!”

கொட்டுச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

ஆட்டம் முடிந்தது. தோழிகள் ஆன்சிலினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். ததேயுஸ் நின்ற இடத்திலேயே நின்றார். டெல்பின் நடந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

“கோல் போட்டதும் அவ இங்கயா வருவா?” என்று கேட்டார்.

“எப்பவும் இங்கதான் அண்ணே. நீங்க வலையில கிடக்கிற பந்தைப் பாத்துட்டு இருப்பீங்க. அவ வந்து நிப்பா. நீங்க கேமராவை எடுக்கமாட்டீங்க. போயிடுவா.”

அவர் பழைய படங்களைத் தள்ளினார். ஒரு மஞ்சள் கறை. இன்னொரு மஞ்சள் கறை. போன வருஷத்துத் திருவிழா, அதற்கும் முந்தின வருஷத்துத் திருவிழா. சனியன் பிடிச்சவனுக என்று திட்டினாரே, அத்தனையும் அவள்.

கடைசியில் இன்றைய படத்துக்கு வந்தார். ஆயுசில் அவர் எடுத்த முதல் தெளிவான படம். கண்ணிமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தார்.



கோல் போட்டு ஜெயித்தவள் முகமா அது? சிரிப்பு இல்லை. வள்ளத்திலிருந்து தவறி விழுந்தவன், கரையில் ஆள் நிற்கிறதா என்று பார்ப்பானே, அந்த முகம்.

“ஆசானே...” அவள் பக்கம் திரும்பினார். “‘உங்க இஷ்டம்ப்பா’ன்னுதானே சொன்னா? அவ வாயாலதானே சொன்னா?”

டெல்பின் லென்ஸிலிருந்து பிளாஸ்திரியை மெதுவாக உரித்தாள். உரித்ததை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“சொல்லும்போது அவ முகம் எப்படி இருந்துச்சு அண்ணே?”