எண்ணெயில் போட்ட கணக்கு

கடையநல்லூர் போகிற சாலையில் ஒரு புரோட்டாக் கடை. அங்கே குருவுக்கு வயது முப்பத்தைந்து, சீடருக்கு நாற்பது. அப்படி அமைந்துவிட்டது, என்ன செய்வது?

குரு காஜா மைதீன் சின்ன வயதிலேயே மாவில் கை வைத்தவர். சீடர் இசக்கியப்பன் துணிக்கடை வேலை போய், எட்டு வருடத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்தவர். அதனால் மூத்தவர் இளையவரை 'மாஸ்டர்' என்பார். இளையவர் மூத்தவரை 'அண்ணாச்சி' என்பார். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

காலை பத்து மணிக்கு மாவு பிசைவது சீடர் வேலை. புரோட்டா வீசும் நிலைக்கு உயர்ந்துவிட்ட மாஸ்டர் மறுபடி பிசைகிற தாம்பாளத்தில் கை வைப்பதில்லை. அந்த வட்டாரத்தில் எல்லாக் கடையிலும் அது ஒரு கௌரவம்.

பிசைந்து, உருட்டி, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடிவிட்டால் மூன்று மணி வரை மாவு ஊறும். அதுவரை கடையில் எல்லோரும் காலை நீட்டிவிடுவார்கள். சீடர் மட்டும் எண்ணெய் படிந்த கருங்கல் மேடை முன் நின்று விரலால் ஏதோ கிறுக்குவார். யாராவது வந்தால் முழங்கையால் துடைத்துவிடுவார்.

அன்று ஒரு கல்யாண வீட்டு ஆர்டர். இரண்டரை மணிக்கு இன்னொரு தட்டு மாவும் பிசைந்து வைத்திருந்தார். மூன்று மணிக்கு, சீடர் எடுத்துக் கொடுத்த தட்டிலிருந்து மாஸ்டர் வீச ஆரம்பித்ததும் முதல் உருண்டை கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவது கையோடு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, இது இப்பம் பிசைஞ்ச தட்டுல்லா?" என்றார் மைதீன்.

இசக்கியப்பன் குனிந்து பார்த்தார். ஆமாம். எட்டு வருடத்தில் ஒருநாளும் தட்டு மாறியதில்லை. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மனசு எங்க இருக்கு?"

சீடர் ஆணியில் தொங்கிய தன் சட்டையைக் காட்டினார்.

"பையில காலேஜ் விண்ணப்பம் இருக்கு மாஸ்டர். பி.எஸ்சி. கணக்கு. எங்கப்பா செத்தப்ப ரெண்டாம் வருசத்துல விட்டது. திரும்பச் சேத்துக்கிடுதோம்னு சொல்லிட்டாங்க. எம்மக பூரா எழுதிக் குடுத்துட்டா. நான் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். இன்னைக்குக் கடைசி. அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்."

"போட வேண்டியதுதானே?"

"போடலாமான்னுதான் கேக்கேன்."

மைதீன் கிழிந்த மாவைக் கையில் எடுத்தார்.

"இது ஏன் கிழிஞ்சுது?"

"ஊறல."

"நல்லாத்தானே பிசைஞ்சீங்க?"

"எவ்வளவு நல்லாப் பிசைஞ்சாலும் ஊறாம வீச முடியாது மாஸ்டர். சும்மா கெடந்தாத்தான் இழுத்த இழுப்புக்கு வரும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

மைதீன் காலைத் தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துத் தட்டி வீசினார். மாவு மேடையின் நடுவில் அகலமாகப் பரந்து விழுந்தது. அடியில் கருங்கல்லின் புள்ளிகூடத் தெரிந்தது.

சீடருக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம்தான் வந்தது.

"மாஸ்டர், இது அஞ்சு மணி நேரம் ஊறினது. நான் இருவது வருசமாக் கெடக்கேன். அவ்வளவு நாள் கெடந்த மாவு என்னாகும்? காஞ்சு வறட்டியாப் போயிரும். கூட உக்காரப்போறது எம்மக வயசுப் பிள்ளைக. ஒரு கணக்குக் கேட்டு, நான் எந்திரிச்சு நின்னு முழிச்சேன்னா..."

கல்லூரிக்குப் போக அவருக்கு அவ்வளவு ஆசை. நாற்பது வயதில் அந்த ஆசையை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம்.

"காயும்," என்றார் மைதீன். "துணி போடலைன்னா காயத்தான் செய்யும். வறட்டிதான்."

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்த சீடருக்கு முகம் தொங்கிப்போனது.

மைதீன் துணியை நனைத்துப் பிழிந்து புதிய தட்டின் மேல் விரித்தார்.

"இதை எப்பப்ப நனைப்பீங்க?"

"அரை மணிக்கு ஒருவாட்டி."

"நான் சொல்லியா நனைக்கீங்க?"

"இல்ல. கை தானாப் போகும்."

"சரி. காலையில மேடையில எழுதினதைத் தொடச்சிட்டீங்களா?"

இசக்கியப்பன் திடுக்கிட்டார். மேடையின் மூலையில், எண்ணெய்க்குள் விரல் ஓடிய தடம் பாதி அழிந்து கிடந்தது. ஒரு கணக்கு. மேலே இரண்டு வரி, கீழே நான்கு வரி, கடைசியில் ஒரு விடை. அடியில் ஒரு கோடு.

"பாத்துட்டீங்களா?"

"எட்டு வருசமாப் பாக்கேன். எனக்கு அதுல ஒரு எழுத்தும் வெளங்காது. நீங்க ஒருநாள்கூட விட்டதில்லைன்னு மட்டும் தெரியும்."

சீடர் மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது. துடைக்கக் கை போனது, கையெல்லாம் எண்ணெய்.

"வகுப்பு காலையில மாஸ்டர். ஒன்றரை வரைக்கும் இருக்கு," என்றார் மெல்ல. "மாவு யாரு பிசைவா?"

மைதீன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். கிழிந்த மாவையெல்லாம் திரட்டித் தாம்பாளத்தில் போட்டார். இரண்டு கையையும் அதற்குள் விட்டு அழுத்திப் பிசையத் தொடங்கினார். கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து நின்று பார்த்தார்.

"மணி மூணேகால் ஆச்சு. கையைக் கழுவிட்டுக் கெளம்புங்க அண்ணாச்சி. அழிக்க வேண்டாத எடத்துல போயி எழுதுங்க."