ஓடி வந்த விருந்தாளி

ஓய்வு பெற்ற கையோடு ஏட்டு சொரிமுத்து மீசையை எடுத்துவிட்டு, மலையடிவாரத்தில் இருந்த அரசியம்மாவின் ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்தார். மீசை போயிற்று. கேள்வி கேட்கும் பழக்கம் போகவில்லை.

அரசியம்மா அவரைவிட வயதில் இளையவர். சீடரை அவர் "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். சொரிமுத்து தன் குருவை "அம்மா" என்பார்.

ஒரு நாள் காலை ஆசிரமத்துச் சமையற்கட்டில் எல்லோரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். சொரிமுத்து ஆரம்பித்தார்.

"அம்மா, ரயில்வே போலீஸ்ல எனக்கு முக்கால்வாசி வேலை, வீட்டை விட்டு ஓடி வர்ற பிள்ளைகளைப் பிடிச்சுத் திருப்பி அனுப்புறதுதான். முன்னாடியெல்லாம் பிடிச்சதும் காரணத்தைச் சொல்லிரும். அப்பா பெல்ட்டால அடிச்சாரு, கணக்குல பெயிலு, சினிமாவுல சேரப்போறேன்னு ஏதாவது ஒண்ணு. கடைசிக் காலத்துல பிடிச்ச பிள்ளைக அப்படி இல்ல. தனி ரூம் இருக்கு, போன் இருக்கு, யாரும் அடிச்சதில்ல, திட்டினதில்ல. ஏன் ஓடி வந்தேன்னு கேட்டா 'தெரியல'ங்குது. அப்ப ஓடினதுக்கும் இப்ப ஓடுறதுக்கும் என்ன வித்தியாசம்?"

அரசியம்மா முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்.

"வாசல்ல யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. பாருங்க அண்ணாச்சி."

பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். பதினைந்து, பதினாறு வயது இருக்கும். பஸ் கடைசியாக நிற்கிற இடம் ஆசிரமத்து வாசல். அதற்கு அப்பால் மலைதான்.

சொரிமுத்து ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்.

"பேரு?"

"தாரணி."

"எந்த ஊரு?"

"மதுரை."

"வீட்ல அடிச்சாங்களா?"

"இல்ல அங்கிள்."

"பரீட்சையில போச்சா?"

"நல்ல மார்க்."

"யாரையாவது நம்பி வந்தியா?"

"சே! இல்ல."

"அப்புறம் ஏன் வந்தே?"

"தெரியல."

சொரிமுத்து திரும்பி அரசியம்மாவைப் பார்த்தார். பார்த்தீர்களா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"அவங்க வீட்டுக்குப் போன் பண்ணுங்க அண்ணாச்சி," என்றார் அரசியம்மா. "பதறிப்போய்க் கிடப்பாங்க."

"பண்ணுங்க," என்றாள் தாரணி. "கூட்டிட்டுப் போவாங்க. நான் மறுபடியும் வேற ஊருக்குப் போவேன்."

"போகலாம். அவங்க வர்ற வரைக்கும் நீ என் விருந்தாளி. விருந்தாளிகளை நான் கேள்வி கேக்கிறதில்ல. வெங்காயம் உரிப்பியா?"

தாரணி பையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். ஐந்தாறு வெங்காயம் உரித்தாள். கேள்வி வராதது அவளுக்குத்தான் சங்கடமாக இருந்தது போலும்.

"நீங்க ஏன்னு கேக்கவே மாட்டீங்களா?"

"மாட்டேன். வேணும்னா நான் ஓடின கதையைச் சொல்றேன்."

உரித்துக்கொண்டிருந்த எல்லோருடைய கையும் நின்றது. இது அவர்களுக்கும் புதிய செய்தி.

"எனக்கு உன் வயசுதான். வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னு எங்க கோழியை அடிக்கப் போனாங்க. நான் கோழியைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டேன்."

"எங்கே?"

"அது கோழிக்கும் தெரியல, எனக்கும் தெரியல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டோம். கண்டக்டர் கோழியை ஏத்தமாட்டேன்னு சொல்லிட்டாரு. சண்டை போட்டுக்கிட்டு நிக்கும்போது அப்பா சைக்கிள்ல வந்துட்டாரு."

"அடிச்சாரா?"

"என்னைப் பார்த்தாரு, கோழியைப் பார்த்தாரு. 'இதுக்குப் பேரு வச்சிருக்கியா'ன்னு கேட்டாரு."

"வச்சிருந்தீங்களா?"

"ராஜாத்தி."

"அப்புறம்?"

"மூணு பேரும் சைக்கிள்ல வீட்டுக்கு வந்தோம். விருந்தாளிக்குக் கத்திரிக்காய்க் குழம்பு."

தாரணி சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்து, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். கொக்... கொக்கொக்... கொக்... என்று பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் மிரண்டு தவிக்கிற ஒரு கோழி சமையற்கட்டுக்குள் வந்துவிட்டது. சொரிமுத்து எழுந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

அவ்வளவுதான். சமையல்காரர் சிரித்த சிரிப்பில் வெங்காயத் தட்டு கவிழ்ந்தது.

"இன்னும் என்னென்ன வரும் உனக்கு?" என்றார் அரசியம்மா.

எல்லாம் வந்தது. கோழியை ஏற்ற மறுக்கும் கண்டக்டர் வந்தார். மூக்கால் பேசும் கெமிஸ்ட்ரி டீச்சர் வந்தார். ரயில் நிலைய அறிவிப்பு வந்தது. கடைசியில் சொரிமுத்துவே வந்தார். "பேரு? ஊரு? வீட்ல அடிச்சாங்களா?" சொரிமுத்து முதலில் முறைத்தார். பிறகு அவருக்கே தாங்கவில்லை, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று சாம்பார் தாமதமாகத்தான் கொதித்தது.

சாயங்காலம் வெயில் இறங்கும்போது தாரணியின் அப்பா ஜெயபாலும் அம்மா சுகந்தியும் வந்து சேர்ந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்த ஜெயபால், சமையற்கட்டு வாசலில் அப்படியே நின்றார். உள்ளே அவருடைய குரல் கேட்டது.

ஒரு செருமல். பிறகு, "படிச்சாச்சா? சாப்டாச்சா? சார்ஜ் போட்டாச்சா? லைட்டை அணைச்சாச்சா?" மறுபடியும் ஒரு செருமல். "குட்நைட்."

எல்லோரும் கைதட்டினார்கள். தாரணி நிமிர்ந்து பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு அணைந்துபோயிற்று. சொரிமுத்து எழப் போனார். அரசியம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"யாரு பேசினது?" என்றார் ஜெயபால்.

"நான்தான்ப்பா."

"உனக்கு இதெல்லாம் வருமா?"

ஜெயபால் மனைவியைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாதுங்க," என்றார் சுகந்தி.

"நான் இப்படியா பேசுறேன்?"

"இதைவிட மோசம்."

சமையல்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். ஜெயபால் மெல்ல வந்து, ராத்திரிச் சமையலுக்கு உரித்த வெங்காயத் தோலுக்கு நடுவே மகளுக்கு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

அவள் தயங்கினாள். அரசியம்மாவைப் பார்த்தாள். பிறகு செருமினாள்.

"படிச்சாச்சா?"

"இல்ல," என்றார் ஜெயபால். "எனக்குப் படிப்பே ஏறாது."

தாரணியின் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. அப்பா குரலிலேயே அடுத்ததைக் கேட்டாள்.

"சாப்டாச்சா?"

"இல்ல. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல."

மூன்றாவது கேள்வி வரவில்லை.

"ஏன்ப்பா சாப்பிடல?" இது அவளுடைய சொந்தக் குரல்.

ஜெயபால் அவள் தலையைத் தொட்டார். சுகந்தி அழுதுகொண்டே சிரித்தார். சமையல்காரர் யாரையும் கேட்காமல் மூன்று இலையைப் போட்டார். மதியத்துச் சாம்பாரே அருமையாக இருக்கிறது என்று ஜெயபால் மறுபடி மறுபடி சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போது, கெமிஸ்ட்ரி டீச்சர் எப்படிப் பேசுவார் என்று மகளிடம் கேட்டார். அவள் பேசிக் காட்டினாள். அவருக்குப் புரை ஏறியது.

இருட்டுவதற்குள் கிளம்பினார்கள். கார் திரும்பும்போது உள்ளேயிருந்து கோழி கொக்கரித்தது. அதைத் தொடர்ந்து இன்னொரு கோழி, மிகவும் மட்டமாக. இரண்டாவது ஜெயபால் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

காரின் சத்தம் அடங்கியதும் சொரிமுத்து அரசியம்மாவின் அருகில் வந்தார்.

"மறுபடி ஓடுவாளா அம்மா?"

"ஓடலாம். கூடவே அவ அப்பாவும் ஓடுவாரு."

சொரிமுத்து சிரித்தார். ஆனாலும் காலையில் கேட்ட கேள்வி அவருக்குள் அடங்கவில்லை.

"அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடி, பசின்னு காரணம் இருந்துச்சு. இவளுக்கு ஒரு குறையும் இல்ல. ரெண்டும் ஒண்ணா அம்மா?"

"ஓடி வர்ற பிள்ளையைப் பிடிச்சதும் நீங்க முதல்ல என்ன கேப்பீங்க அண்ணாச்சி?"

"'உன் வீடு எங்கே'ன்னு கேப்பேன்."

"அப்ப ஓடினதும் சரி, இப்ப ஓடுறதும் சரி, அதையேதானே கேட்டுக்கிட்டு ரயில் ஏறியிருக்கும்," என்றார் அரசியம்மா.