குளிர்காலக்காரரின் கறுப்புக் கோட்டு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. தேனி ஜவுளிக்கடை ஒன்றில் அன்று சேலை எடுத்துக்கொண்டிருந்த என் சித்தி சொன்னது.

அந்தக் கடை முதலாளி சென்னையிலிருந்து திவாகர் என்ற நிற நிபுணரை வரவழைத்திருந்தார். தோளில் துணியைப் போட்டுப் பார்த்து, இது வசந்தகால முகம், இது இலையுதிர்கால முகம் என்று பிரித்து, அதற்கேற்ற நிறத்தைச் சொல்வது அவர் வேலை. விற்பனைப் பெண் பேச்சியம்மாளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த முகத்துக்கு எந்தக் காலமும் ஒத்துவராது. சேலைப் பக்கம் நின்னா வியாபாரம் படுத்துடும். குடோனுக்கு அனுப்புங்க."

முதலாளி தலையாட்டினார். பேச்சியம்மாள் நகரவில்லை.

"நான் போகமாட்டேன். உங்க கண்ணு தப்பாப் பார்த்திருந்தா, சார்?"

"என் கண்ணா? ஒரே ஒரு நிறத்துல நான் ஏமாந்ததைக் காட்டு, நீ இங்கயே இரு."

"சரி. நீங்க எந்தக் காலம் சார்?"

"குளிர்காலம். அதான் காலையில இந்தக் கடையிலேயே கறுப்புக் கோட்டு எடுத்து மாட்டினேன். பாசிப்பச்சை பட்டாலே என் முகம் செத்துப்போகும்."

"கொஞ்சம் வாசலுக்கு வாங்க. எங்க ஊர்ல யாரும் வெயில்ல பார்க்காம துணி எடுக்கமாட்டாங்க."

மஞ்சள் விளக்குகளைத் தாண்டி அவர் வெயிலில் கால் வைத்ததும், கோட்டு அசல் பாசிப்பச்சையாக நின்றது.

"முகம் நல்லாத்தான் இருக்கு சார்," என்றாள் பேச்சியம்மாள். "காலையிலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்."

முதலாளி சிரித்துவிட்டார். "நீ போய்ச் சேலையைப் பிரிச்சுப் போடு பேச்சி."

சித்தி எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அதனால் பிறகு நானே போய்ப் பார்த்தேன். பேச்சியம்மாள் சேலைப் பிரிவில்தான் நிற்கிறாள். ஆளுயரக் கண்ணாடி மட்டும் வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது.