கரும்புச் சோகையும் பல் பொரியலும்

ஒரு ஊர்ல ஒரு லொக்கு லொக்கு இருந்துச்சாம். லொக்கு லொக்குன்னா இருமல், அம்மிணி. அது வஞ்சிங்கற குட்டிப் பொண்ணு நெஞ்சுக்குள்ள குடியிருந்துச்சு. ம் கொட்டு.

பக்கத்துத் தோட்டத்து வேலப்பர், கரும்பு வெட்டினதும் கீழ கெடக்கற காஞ்ச எலைக்கு, அதான் சோகைக்கு, தீ வெச்சிருவாரு. படபட படபடன்னு எரியும். பொகை நேரா வஞ்சி வீட்டுக்குள்ள வரும். வந்தா அவளுக்கு மூச்சே வராது.

அப்போ அவ அம்மா அங்காயி போய்க் கேட்டா. "ஏனுங்க, தீ வெக்காதீங்க. புள்ள மூச்சுக்குத் தவிக்குது."

"சோகைய வெச்சு நான் என்ன பண்ணட்டும்? பாயசம் காய்ச்சவா?"

"நான் காயிதம் பண்றேனுங்க."

வேலப்பர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "செரி, பண்ணு. எம் பொண்ணு கல்யாணக் கடுதாசிய அதுலயே எழுதறேன். சம்பந்தி வீட்டுக்கு ஒழுங்காப் போய்ச் சேந்தா மொத்தச் சோகையும் உனக்கு. இல்லீன்னா தீதான்."

அப்புறம் அங்காயி சோகைய சாம்பத் தண்ணில வேக வெச்சு, தொம் தொம்னு இடிச்சுக் கூழாக்கி, துணில வடிச்சுக் காய வெச்சா. காயிதம்! வேலப்பர் ரெண்டு பக்கமும் எழுதினாரு. 'விருந்துல பல பொரியல் உண்டு.' ஆனா மை சர்ர்ருன்னு ஊறி, பின்பக்கத்துல இருந்து ஒரு சொட்டு வந்து 'ல' தலை மேல உக்காந்துகிச்சு. சம்பந்தி படிச்சாரு: 'விருந்துல பல் பொரியல் உண்டு.'

"ஐயய்யோ, யாரு பல்லு?"ன்னு சம்பந்தியம்மா வாயப் பொத்திக்கிட்டாங்க.

சிரிக்காத, தூக்கம் போயிரும்.

அப்புறம் அங்காயி வேலப்பர்கிட்டக் கெஞ்சி, இன்னொரு காயிதத்துக்குச் சோத்துக் கஞ்சி பூசினா. மை நின்னுச்சு. ஆனா அனுப்பறதுக்குள்ள கரப்பான் வந்து கறுக் மொறுக்!

"மாப்பிள்ளை பேரையே தின்னுபோட்டுதே! இன்னும் ஒரே தடவைதான். அதுவும் கெட்டா நாளான்னிக்குத் தீ!"ன்னு வேலப்பர் கத்தினாரு.

அங்காயி தலைல கை வெச்சு உக்காந்துட்டா. அப்போ ஒரு கரப்பான் கஞ்சிச் சட்டி மேல ஓடுச்சு, பாய் மேல ஓடுச்சு, வஞ்சி கைகிட்ட வந்ததும் திரும்பி ஒரே ஓட்டம்! அவ கையில, சின்னப் புள்ளைங்களுக்குக் கட்டற வேர்த்துண்டு கோத்த வளையம்.

"வசம்பா?"ன்னா கேக்கற, அம்மிணி?

ஸ்ஸ்! பொழுது சாஞ்சா அந்தப் பேரச் சொல்லக் கூடாது. 'பேர் சொல்லாதது'ன்னுதான் சொல்லணும்.

"இந்தாம்மா"ன்னு வஞ்சி வளையத்தக் கழட்டிக் குடுத்தா. அங்காயி புளியங்கொட்டைய வறுத்து, தோலெடுத்து, அரைச்சுப் பசை காய்ச்சினா. பேர் சொல்லாதத இடிச்சுக் கலந்தா. காயிதத்துல பூசிக் காய வெச்சா. மை எழுதின எடத்துலயே நின்னுச்சு. கரப்பான் மோந்து பாத்துட்டு, மீசைய ஆட்டிக்கிட்டே போயிருச்சு. சம்பந்தி படிச்சாரு: 'பல பொரியல்.' அப்பாடான்னு கல்யாணத்துக்கு வந்து ரெண்டு பந்தி சாப்பிட்டாரு.

கடுதாசி ஒழுங்காப் போய்ச் சேந்த சேதி வந்த அன்னிக்கே வேலப்பர், சோகைக்குத் தீ வெக்கப் பத்த வெச்சிருந்த பந்தத்த வாய்க்கால்ல முக்கினாரு. சொய்ங்! "எடுத்துக்கம்மா, சோகை பூராவும் உனக்குத்தான்."

அன்னிக்கு ராத்திரி பொகையும் வரல, லொக்கு லொக்கும் வரல. அங்காயிக்குத்தான் தூக்கம் வரல. என்ன சத்தத்தையே காணோம்னு பயந்து, வஞ்சி மூக்குக்குக் கீழ வெரல வெச்சுப் பாத்தா. சூடா, மெதுவா வந்துக்கிட்டிருந்துச்சு மூச்சு.

அவ்வளவுதான், கதையும் படுத்துருச்சு. தூங்கு, அம்மிணி.