செம்மலரின் தத்தல்

“என்னால முடியாது மேடம். பச்சப் பிள்ளைகிட்ட போய் எப்படித் தப்புன்னு சொல்லுவேன்?”

கந்தவேல் சார் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர். தலை நரைத்த பிறகு சாஃப்ட்பால் அம்பயர் வேலை பழக வந்தவர். பழக்குகிற ஜெசிந்தா மேடத்துக்கு அவர் மகள் வயது. இருக்கட்டுமே, வயதைப் பார்த்தா வித்தை வருகிறது?

சாரின் சங்கடம் இதுதான். பந்து வீசுகிறவள் தரையில் பதித்த வெள்ளைப் பட்டையில் கால் வைத்து, அங்கிருந்துதான் உந்தி வீச வேண்டும். இன்றைய ஃபைனலில் வீசப்போகும் செம்மலரோ முன்னால் ஒரு தத்துத் தத்தி, தத்திய இடத்திலிருந்து மறுபடி உந்துவாள். அதற்குப் பெயர் இல்லீகல் பிட்ச், விதி மீறிய வீச்சு. சின்னப் பிள்ளைகள் ஆட்டம்தானே என்று வட்டாரத்து அம்பயர்கள் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். சாரும்தான்.

“போன வருஷம் எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்குத் தப்புன்னு சொன்னேன். அழுதுட்டுப் போனவ கிரவுண்ட் பக்கமே திரும்பல. இவளும் அப்படி விட்டுட்டான்னா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

மேடம் ஒரு மட்டையை எடுத்து நீட்டினார்.

“நில்லுங்க சார்.”

ஃபைனலுக்கு இன்னும் நேரம் இருந்தது. செம்மலர் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தாள்.

“தத்தாம ஒண்ணு போடும்மா,” என்றார் மேடம்.

சார் அடித்தார். பந்து வேலி வரை ஓடியது. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“இப்ப உன் இஷ்டத்துக்குப் போடு.”

சார் மட்டையை அசைப்பதற்குள் பந்து கேட்சரின் கையுறைக்குள் போய் விழுந்தது.

“அடேயப்பா! கிட்ட வந்துல்ல போடுறா!”

“அப்படியா சார்?”

மேடம் மட்டையை வாங்கினார். எதிரணியில் முதலில் ஆட வேண்டிய ஒல்லிப் பிள்ளையிடம் கொடுத்தார்.

அந்தப் பிள்ளை மட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. செம்மலரைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கியது. சார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. சார்தான் அம்பயர். முதல் பந்துக்கே செம்மலர் தத்தினாள்.

சாரின் இடக்கை நீண்டது.

“இல்லீகல் பிட்ச்!”

அப்பப்பா, என்ன கூச்சல்! செம்மலரின் கோச் தலையில் அடித்துக்கொண்டார்.

“சின்னப் பிள்ளைகிட்டயா சார் உங்க வீரம்?” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

ஆனாலும் சார் சொன்னதை மாற்றவில்லை.

செம்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள். போச்சு, இவளும் போயிட்டா என்று நினைத்தார்.

“சார், நான் போடுறது தப்பா?”

“தப்புதாம்மா.”

“காலையில செமிஃபைனல்லயும் நீங்கதானே நின்னீங்க? அப்பவே ஏன் சொல்லல?”

சார் ஓரத்தில் நின்ற மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னை ஏன் பாக்குறீங்க?” என்றார் மேடம். “உங்களைத்தான் கேக்குறா.”